வெள்ளைச் சிறகும் கேமராவும்

ஒரகடம் தொழிற்சாலைகளிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் வழியாகத் தெற்கே போனால் வேடந்தாங்கல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அரசுப் பாதுகாப்பு பெற்ற ஏரி. 2022இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கொக்கு என்று கூடுகள் நிறைந்திருக்கும்.

புதிதாகப் படமெடுப்பவர்களைப் பெரிதும் ஏமாற்றுவது வெள்ளை நிறம்தான். பின்னால் இருண்ட இலைகள் இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. கொக்கின் இறகுகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடுகின்றன. எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்துப் பாருங்கள், இறகின் மடிப்பெல்லாம் தெரியும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 2000இல் ஒரு பங்காவது வேண்டும்.

'ரா' கோப்பாக எடுப்பது நல்லது. கணினியில் நிழல் பகுதியை ஓரளவு மீட்கலாம். அடியோடு வெளுத்துப்போன இறகை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கூர்மையைக் கூட்டும்போது கண்ணோடும் அலகோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும். பின்னணி வானத்தையும் கூர்மையாக்கினால் புள்ளிகள்தான் மிஞ்சும்.

பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டிப் பறவைகளை எழுப்புபவர்கள் உண்டு. தாய் எழுந்தால் முட்டை வெயிலில் காயும், காகம் வந்து கொத்தும். கரையிலேயே நின்று, காத்திருந்து எடுங்கள்.