பயிற்சிக்குச் செல்லும் மாணவரும் பயிற்சி தரும் நிறுவனமும்

1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், நம் நாட்டு மண்ணிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் ஏறிற்று. ராக்கெட் ஏவும் முறையைக் கற்றுவர, இளம் பொறியியலாளர் சிலர் அதற்கு முன்னரே அமெரிக்கா சென்று வந்திருந்தனர். அவர்களுள் ஒருவரான அப்துல் கலாம், சென்னையில் விமானப் பொறியியல் பயின்றபின் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பயிற்சியாளராக எஞ்சின்களைச் செப்பனிடும் வேலையைப் பழகியவர். ஏட்டுக் கல்வி கைத்திறனாக மாறுவதற்குப் பயிற்சிக் காலம் எத்துணை இன்றியமையாதது என்பதை இதனால் உணரலாம்.

ஆனால் பயிற்சி என்னும் பொதுப் பெயரால் இன்று வழங்குபவை பல. அவற்றுள் முக்கியமானவை மூன்று. தாம் சேர்வது எவ்வகை என்று அறியாமல் கையொப்பமிடுவோர் பின்னர் வருந்த நேரிடும்.

முதலாவது, படிப்பின் பகுதியாகவே அமைந்த கட்டாயப் பயிற்சி. 1951-இல் தோன்றிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். பயில்வோர், இறுதித் தேர்வுக்குப் பின் ஓராண்டு மருத்துவமனையில் துறைதோறும் மாறிமாறிப் பணியாற்ற வேண்டும். அது முடிந்தாலன்றி மருத்துவராக நிலையான பதிவு கிடையாது. நாடெங்கும் இதுவே முறை.

இரண்டாவது, 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் வருவது. பொறியியல் பட்டதாரிகளுக்கு 1973-ஆம் ஆண்டுத் திருத்தமும், கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுத் திருத்தமும் இதன் கதவைத் திறந்தன. இதற்குப் பதிவுசெய்த ஒப்பந்தம் உண்டு; மாத உதவித்தொகை உண்டு; வேலையிடத்து விபத்தில் காயமுற்றால் நஷ்டஈடும் உண்டு. எனினும் பழகுநர் தொழிலாளர் அல்லர், பயில்பவரே. ஒப்பந்தம் முடிந்ததும் வேலை உறுதி என்று எண்ணிவிடலாகாது.

மூன்றாவது, கல்லூரி மாணவர் விடுமுறையிலோ இறுதிப் பருவத்திலோ ஒரு நிறுவனத்தில் சில வாரங்கள் பழகும் இன்டர்ன்ஷிப். 1990-இல் நிறுவப்பெற்ற டெக்னோபார்க்கின் கணினி நிறுவனங்களை நாடிச் செல்வோர் பெரும்பாலும் இவ்வகையினரே. இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆகவே நிறுவனம் தரும் கடிதமே மாணவருக்குக் காப்பு. காலம் எவ்வளவு, நாள்தோறும் எத்தனை மணி, வழிகாட்டுபவர் யார், உதவித்தொகை உண்டா, சான்றிதழ் எப்போது என்பனவெல்லாம் அதில் இருத்தல் வேண்டும். மாணவரிடமே பணம் கேட்கும் இடத்தை ஒருமுறைக்கு இருமுறை விசாரித்தறிதல் நலம்.

நிறுவனத்தாருக்கும் ஒரு சொல். மாணவர் கூலியில்லா எழுத்தர் அல்லர். நாளெல்லாம் படியெடுக்கவும் தேநீர் கொணரவும் ஏவினால் அவருக்கும் பயனில்லை, நிறுவனத்துக்கும் பயனில்லை. முடிக்கத்தக்க ஒரு சிறு பணியைக் கொடுத்து, பிழையைச் சுட்டித் திருத்த ஒருவரை அமர்த்துவதே முறை.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு, அருகிலிருந்து விவரம் சொல்ல உற்றார் இருப்பதரிது. ஒப்பந்தமும் நம் மொழியில் இராது. கையொப்பமிடுமுன் கல்லூரி ஆசிரியரிடம் அதைக் காட்டிப் பொருளறிந்துகொள்வது குறைவன்று. வாயால் சொன்னது மறந்துபோகும். எழுத்தில் பெற்றது நிற்கும்.