மூன்று அலுவலகங்கள், ஒரு மனிதன்

கடந்த மாதம் என் முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பிறவியிலேயே செவித்திறன் இல்லாத அவருடைய தம்பி குடிநோயில் விழுந்துவிட்டார். சேர்த்த மறுவாழ்வு மையத்தில் நாள்தோறும் குழு ஆலோசனை நடக்கிறது. சுற்றிலும் எல்லோரும் பேச, அவர் நடுவில் அமர்ந்து வாயசைவுகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பத்தாம் நாள் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது என்று கேட்டார் மாணவர். அவருக்கு விடை சொல்வதற்காக, பல ஆண்டுகளாகத் திறக்காமல் வைத்திருந்த ஒரு கோப்பை எடுத்தேன். அது என் இளைய சகோதரனுடையது.

அதில் மூன்று காகிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. முதலாவது, வலது கால் முழங்காலுக்கு மேல் அகற்றப்பட்டதைக் குறிப்பிடும் சான்றிதழ். இரண்டாவது, குடிநோய் மறுவாழ்வு மையம் ஒன்றின் சேர்க்கைப் படிவம். பாதி நிரப்பப்பட்டு, கையொப்பம் இல்லாமல் நின்றுபோனது. மூன்றாவது, ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவு தந்த வெளிநோயாளிச் சீட்டு. "குடியை நிறுத்திய பின் வரவும்" என்று அதில் ஒரு வரி. மூன்றும் 2011-ஆம் ஆண்டில் பெறப்பட்டவை.

லேத் பட்டறையில் நின்றபடியே வேலை செய்து பழகியவன் அவன். 2009-இல் சாலை விபத்தில் காலை இழந்தபோது வயது 41. வேலை போயிற்று. இல்லாத காலில் வலிக்கிறது என்று நள்ளிரவில் எழுந்து உட்காருவான். வலிக்காகவும் உறக்கத்துக்காகவும் தொடங்கிய குடி, இரண்டே ஆண்டுகளில் காலையில் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தது. மறுவாழ்வு மையம் மாடியில் இருந்தது. படியேற முடியாதவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அலுவலகத்தில் காலைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவன் சொன்னான்: "காலுக்கு ஒரு ஆபீஸ், குடிக்கு ஒரு ஆபீஸ், மனசுக்கு ஒரு ஆபீஸ். நான் ஒரே ஆள்தானே அண்ணே?"

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மாற்றுத்திறனாளிகளில் பெரும்பாலோர் குடிநோயாளிகளும் அல்லர், மனநோயாளிகளும் அல்லர். ஆனால் உடற்குறை, மனச்சோர்வு, போதைப்பழக்கம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுத்து வரும் பாதைகள் உண்டு. தீராத வலி முதல் பாதை. வேலை இழப்பும் அதனால் வரும் வெறுமையும் இரண்டாவது. வீட்டை விட்டு வெளியே செல்ல முடியாத தனிமை மூன்றாவது. நான்காவது, பிறருடைய இரக்கம். விபத்துக்குப் பின் என் சகோதரனைப் பார்க்க வந்த நண்பர்கள் சிலர் பழத்துக்குப் பதிலாக மதுப்புட்டி கொண்டுவந்தார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்தார்கள். மதுவோ சில மணி நேரம் மனத்தை மரத்துப்போகச் செய்து, பிறகு உறக்கத்தைக் கெடுத்து, சோர்வை ஆழப்படுத்தும். அந்தச் சோர்வே மறுநாள் மீண்டும் குடிக்கக் காரணமாகிவிடும். எதிர்த்திசையிலும் இந்தப் பாதை உண்டு. குடிபோதையில் நிகழும் விபத்துகளும் நீண்டகாலக் குடியால் வரும் நரம்புப் பாதிப்பும் புதிதாக மாற்றுத்திறனாளிகளை உருவாக்குகின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. நோயின் தன்மைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறவில்லை என்றும் அது கூறியது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2019-இல் வெளியிட்ட போதைப்பொருள் பயன்பாடு குறித்த அறிக்கையின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சை பெற்றதாகத் தெரிவித்திருக்கிறார். ஏணி வைத்தும் எட்டாத இந்தச் சிகிச்சையை, ஏணியில் ஏறவே முடியாதவர் எவ்வாறு எட்டுவார்?

என் சகோதரன் அலைந்த காலத்துக்குப் பின் சட்டங்கள் வெகுவாக மேம்பட்டுள்ளன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. மனநோயும் அவற்றுள் ஒன்று. அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்திலும் தடையற்ற அணுகல் வேண்டும் என்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் ஏற்படும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்ததை அறிந்தவர்களுக்கு அந்தத் தடையின் பொருள் விளங்கும். முறையான கதவுகள் மூடியிருக்கும்போது குடும்பங்கள் எத்தகைய கதவுகளைத் தட்ட நேரும் என்பதற்கு ஏர்வாடி ஒரு சான்று.

ஆயினும் நிர்வாகம் இன்னும் மூன்றாகவே பிரிந்து கிடக்கிறது. உடற்குறைக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, மனநோய்க்கு மக்கள் நல்வாழ்வுத் துறை, மதுவிலக்குக்கு உள்துறையின் கீழ் வரும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. போதை மீட்பு மையங்கள் நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி தருவதோ மத்திய சமூக நீதி அமைச்சகம். ஒவ்வொரு துறையும் தன் பங்கைச் செய்துவிட்டதாகக் கணக்குக் காட்ட முடியும். மனிதன் மட்டும் கணக்கில் விடுபட்டுப் போவான்.

துறைகளை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. கேரி பெக்கரும் கெவின் மர்ஃபியும் 1988-இல் முன்வைத்த அடிமைப்பழக்கம் பற்றிய பொருளியல் கோட்பாட்டை முதுகலை வகுப்பில் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். போதைக்கு அடிமையானவரும் இன்றைய இன்பத்தையும் நாளைய இழப்பையும் எடைபோட்டே முடிவெடுக்கிறார். விலை உயர்ந்தால் நுகர்வு குறையும் என்பது அதன் சாரம். அதை நம்பி, சகோதரனுக்கு மாதந்தோறும் அனுப்பிவந்த பணத்தை நிறுத்தினேன். அவன் தன் லேத் கருவிகளை ஒவ்வொன்றாக விற்றான். அவை அவன் மீண்டு வருவதற்கான மூலதனம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. விற்க ஏதுமற்ற நாளில் குடி திடீரென நின்றது. இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. கடுங்குடிநோயாளி மருத்துவக் கண்காணிப்பின்றித் திடீரெனக் குடியை நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரும் போகலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன். எதிர்கால இழப்பைக் கணக்கிட வேண்டுமானால் ஒருவனுக்கு எதிர்காலம் என்று ஒன்று கண்ணில் தெரிய வேண்டும் என்பதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை.

எனக்குத் தெளிவு தந்தவர் அமர்த்திய சென். மாற்றுத்திறனாளிக்கு இரண்டு இழப்புகள் என்கிறார் அவர். ஒன்று, வருமானம் ஈட்டுவதில் உள்ள தடை. மற்றொன்று, ஈட்டிய வருமானத்தை நல்வாழ்வாக மாற்றிக்கொள்வதில் உள்ள தடை. பிரிட்டன் பற்றி வீப்கே குக்லிஸ் செய்த ஆய்வை அவர் எடுத்துக்காட்டுகிறார். அங்கே வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களில் வாழ்வோர் 17.9 விழுக்காடு. மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களில் அது 23.1 விழுக்காடு. குறைபாட்டினால் ஏற்படும் கூடுதல் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால் 47.4 விழுக்காடாகிறது. அதாவது, இரண்டாவது தடையே பெரிது. வாரம் ஒருமுறை ஆலோசனைக்குச் செல்ல மற்றவருக்குப் பேருந்துக் கட்டணம் போதும். என் சகோதரனுக்கு ஆட்டோவும் வேண்டும், துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலியும் வேண்டும். அந்தச் செலவை நாங்கள் 'ஒத்துழையாமை' என்று பெயரிட்டு அழைத்தோம்.

வலிப்புக்குப் பின் சேர்த்த மருத்துவமனையில் பணியிலிருந்த மனநல மருத்துவர், மூன்று காகிதங்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தார். அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. முதல் வாரம் வைட்டமின் ஊசிகளும் வலிப்பைத் தடுக்கும் மருந்துகளும். கூடவே வெட்டுப்பட்ட காலின் வலிக்குத் தனிச் சிகிச்சை. பொருந்தாமல் புண்ணாக்கிய செயற்கைக்கால் மாற்றப்பட்டது. மனச்சோர்வைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் மதிப்பிட்டார். ஆனால் அதுவரை வெளியே காத்திருக்கச் சொல்லவில்லை. எனக்கும் அவன் மனைவிக்கும் தனி அமர்வுகள் நடந்தன. பின்னர் தெரிந்தவர் பட்டறையில் உட்கார்ந்து செய்யும்படி மேடை அமைத்து, அரைநாள் வேலை. இடையில் இரண்டு முறை மீண்டும் குடித்தான். "குடித்த அன்றே வா, திட்டமாட்டேன்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டு முறையும் அன்றே போனான். மீண்டும் குடிப்பதைத் துரோகமாகக் கருதாமல், சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை கூடியதைப் போல எடுத்துக்கொள்ள நாங்கள் பழகியது அப்போதுதான்.

வேலை, முழுமையாகக் குணமான பின் தரப்படும் பரிசு என்றே நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் உருவாக்கிய முறை இதைத் தலைகீழாக்கியது. கடும் மனநோய் உள்ளவர்களை முதலில் உண்மையான வேலையில் அமர்த்தி, பிறகு உடனிருந்து துணைசெய்வது அதன் வழி. நீண்ட பயிற்சிக்குப் பின் வேலை தேடும் பழைய முறையைவிட இதில் வேலை பெறுவோர் அதிகம் எனப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் இருக்கிறது. உலக வங்கியின் நிதியுதவியுடன் நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தின்கீழ் 'விழுதுகள்' என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. அங்கே வரும் ஒவ்வொருவரிடமும் உறக்கம், மனநிலை, குடி பற்றிச் சில கேள்விகளைக் கேட்பதை நடைமுறையாக்கலாம். தேவைப்படுவோருக்கு ஒரே ஒரு பணியாளரைப் பொறுப்பாக்கி, மருத்துவமனை, மறுவாழ்வு மையம், வேலையிடம் மூன்றுக்கும் அவரே உடன்செல்லச் செய்யலாம். தரைத்தளத்தில் படுக்கை, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை, சைகைமொழி அறிந்தவரின் உதவி ஆகியவை இருந்தால்தான் மறுவாழ்வு மையத்துக்கு அனுமதி என்று விதிக்கலாம். சிகிச்சைக் காலத்தில் பயணப்படி தரலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை மற்றவர்களுக்குத் தருவதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: 2023-24-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

அரசு செய்யும் வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. படுத்திருப்பவரைப் பார்க்கச் செல்லும்போது மதுவைக் கொண்டுசெல்லாதீர்கள். திடீரென நிறுத்தவைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற கட்டணமில்லா 'டெலி மானஸ்' எண்ணில் எந்நேரமும் தமிழில் ஆலோசனை பெறலாம்.

என் சகோதரன் இப்போது குடிப்பதில்லை. விற்ற கருவிகளில் இரண்டை மீண்டும் வாங்கிவிட்டான். மாணவரிடம் கோப்பைக் கொடுத்து, மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவரைத் தேடுங்கள் என்றேன். மனநல மருத்துவர் கிடைத்துவிட்டார். சைகைமொழி தெரிந்த ஆலோசகர்தான், இதை எழுதும் வரை கிடைக்கவில்லை.