கண்ணாடி போட்ட குருவியும் பால்மரத்துப் புல்லுருவியும்

பேராக் மாநிலத்தின் பால்மரக் காடுகளில் வளர்ந்தவர்களுக்குப் புல்லுருவியைத் தெரியாமல் இருக்காது. இலையுதிர் மாதங்களில் மரம் மொட்டையாக நிற்கும்போது, உச்சிக் கிளையில் மட்டும் ஒரு கொத்துப் பச்சை தழைத்திருக்கும். அது பால்மரத்தின் இலை அல்ல. கிளைக்குள் வேரை இறக்கி, மரத்தின் நீரை உறிஞ்சிப் பிழைக்கும் ஒட்டுண்ணி.

அவ்வளவு உயரத்தில் அதை யார் நட்டது? ஒரு குருவிதான்! மலர்க்கொத்தி எனப்படும் அந்தச் சிறு பறவைக்குப் புல்லுருவிப் பழம் என்றால் உயிர். பழத்தை விழுங்கும், கொட்டை விரைவிலேயே வெளியே வந்துவிடும். கொட்டையைச் சுற்றிப் பசை இருப்பதால் எளிதில் கீழே விழாது. குருவி கிளையில் உடம்பைத் தேய்த்து அதை ஒட்டிவிட்டுப் பறக்கும். அங்கேயே முளைவிடும். தோட்ட நிர்வாகத்திற்கு அது தொல்லை. காட்டிற்கோ அதுவே விவசாயம்.

இந்தக் குருவி இனத்தில் ஒன்று உலகில் போர்னியோ தீவைத் தவிர வேறெங்கும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. 2009 ஜூன் மாதம் சபாவின் டானும் பள்ளத்தாக்கில், மர உச்சிகளுக்கு நடுவே கட்டப்பட்ட தொங்கு நடைபாதையிலிருந்து ரிச்சர்ட் வெப்ஸ்டர் என்ற பறவை ஆர்வலர் அதைக் கண்டார். தரையிலிருந்து சுமார் 35 மீட்டர் உயரத்தில் அது புல்லுருவிப் பழம் தின்றுகொண்டிருந்தது. சாம்பல் நிறம், கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளை வளைவு. மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் தோன்றியதால் அதையே பெயராக்கினார்கள். தரையில் நின்று தேடியிருந்தால் பார்த்திருக்கவே முடியாது.

படம் இருந்தும் விஞ்ஞானம் அவசரப்படவில்லை. பறவை ஒன்றைக் கையில் பிடித்து ஆராய்ந்தால்தான் முறையான பெயர் சூட்ட முடியும். அதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின. 2019 மார்ச் மாதம் சரவாக்கின் லஞ்சாக் எந்திமாவ் வனவிலங்குச் சரணாலயத்தில் விரித்த வலையில் ஒரு குருவி சிக்கியது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தாரும் சரவாக் ஆய்வாளர்களும் சேர்ந்து அதன் மரபணுவைப் பரிசோதித்தனர். மற்ற மலர்க்கொத்திகளோடு நெருங்கிய உறவு இல்லாத தனி இனம் என்று தெரிந்தது. அதே ஆண்டில் 'டிகேயம் டயாகோரம்' என்று பெயரிட்டார்கள். போர்னியோவின் பூர்வீகக் குடிகளான டயாக் மக்களைப் போற்றும் பெயர் இது. காட்டைக் கட்டிக்காத்தவர்களின் பெயர் ஒரு குருவியின் மீது ஏறியிருக்கிறது. பொதுவாக இத்தகைய பெயர்கள் வெள்ளைக்கார துரைமார்களுக்கே போய்க்கொண்டிருந்தன!

போர்னியோவில் மட்டுமே வாழும் பறவை இனங்கள் 50க்கும் மேல். பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது தீபகற்ப மலேசியாவும் போர்னியோவும் ஒரே நிலமாக இணைந்திருந்தன. ஆனாலும் எல்லாப் பறவையும் இக்கரைக்கு வந்துவிடவில்லை.

கவலை எங்கே என்றால், இந்தக் குருவி வாழ்வது தாழ்நிலக் காட்டின் உயர்ந்த மர உச்சிகளில். வெட்டுமரக்காரர்கள் முதலில் கோடரி வைப்பதும் அந்த மரங்களில்தான். மரம் சாய்ந்தால் புல்லுருவி போகும், பழம் போகும், குருவியும் போகும். பிறகு அந்த நிலத்தில் செம்பனை வரும். பேராக்கில் பால்மரக் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறியதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேறுபாடு ஒன்று உண்டு. பால்மரத்தை மனிதன் நட்டான், மீண்டும் நடலாம். தாழ்நிலக் காட்டை நாற்று மேடையில் வளர்க்க முடியாது. டானும், லஞ்சாக் எந்திமாவ் போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளின் அருமை அதனால்தான்.

ஈப்போவாசிகள் அந்தக் குருவியைக் காண விமானம் ஏற வேண்டும். அதன் உறவினரை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். சாலையோர மரத்தில் புல்லுருவிக் கொத்து தெரிந்தால் சற்று நில்லுங்கள். 'டிக்... டிக்' என்று சத்தம் வரும். உச்சந்தலையிலிருந்து வால் வரை சிவப்புக் கோடு இழுத்தாற்போல், கட்டைவிரல் பருமனில் ஒன்று தாவும். அதுதான் செம்முதுகு மலர்க்கொத்தி.