அப்பத்தா பறிக்கச் சொன்ன பூ

பங்குனி வெயில் ஏறினால் போதும், எங்கள் வீட்டுத் தொட்டியில் இருக்கும் குண்டுமல்லிச் செடி மொட்டு விடத் தொடங்கிவிடும். பிறகு ஆடி வரை பூவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கார்த்திகையில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மீதியைக் கவாத்து செய்துவிட வேண்டும். புதுக் கிளையில்தானே பூ வரும்? "என்ன இப்படி மொட்டையடிச்சிட்டே!" என்று என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் கேட்பார்! இது அம்மாவிடம் கற்ற பாடம்.

திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர். கொல்லையில் துவைக்கிற கல்லை ஒட்டி, என் உயரத்துக்குப் புதராக ஒரு மல்லிகைச் செடி நிற்கும். எனக்கு அப்போது ஏழு வயசு. பிரசவத்துக்குப் போன அம்மா நாலாம் நாள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். "பாப்பா எங்கே?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

அன்றைக்கு அப்பத்தா என் கையில் எவர்சில்வர் கிண்ணத்தைக் கொடுத்து, "போடி, செடியில இருக்கிற பூவையெல்லாம் பறிச்சிட்டு வா" என்றாள். அம்மா தலையில் வைக்கத்தான் என்று நினைத்துக் குதித்துக்கொண்டு ஓடினேன். அப்பத்தாவோ கிண்ணத்தையும் ஒரு வெள்ளைத் துணியையும் எடுத்துப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அம்மா விம்முகிற சத்தம் கேட்டது. கதவு திறந்ததும் பார்த்தேன், அம்மா தலையில் ஒரு பூக்கூட இல்லை. என்னை ஏமாற்றிப் பூவை வாங்கிக்கொண்டார்களே என்று எனக்குக் கோபமான கோபம்! மூன்று நாள் அப்படிப் பறித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அம்மா மல்லிகை வைத்துக்கொண்டதே இல்லை. செடிக்குத் தண்ணீர் மட்டும் தவறாமல் ஊற்றுவாள். பூவெல்லாம் பக்கத்து வீடுகளுக்குப் போகும்.

எனக்குப் பெண் பிறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. "பால் கொடுக்கிறவ, பூ நெஞ்சுல படுற மாதிரி தொங்க விடாதே" என்றாள் அப்பத்தா. குழந்தையை இழந்த தாய்க்கும் பால் சுரந்து கட்டிக்கொள்ளும் அல்லவா? அது வற்றுவதற்கு மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவது பழைய வழக்கமாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதை ஆராய்ந்து, 1988-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பால் வற்றுவதில் அப்போது கொடுத்துவந்த மாத்திரைக்கு இணையாகவே பூவும் வேலை செய்ததாம். அதற்காகப் பூ போதும் என்று இருந்துவிடாதீர்கள். பால் கட்டி வலியும் காய்ச்சலும் வந்தால் உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

இந்தப் பங்குனியில் முதல் பூவைத் தொடுத்து, ஒரு முழம் அம்மாவிடம் கொண்டுபோனேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"உன்னைவிட ஏழு வயசு சின்னவ" என்றாள்.