தூளிச் சேலையில் பாச்சை உருண்டை

துணிப் பெட்டியில் போட்ட பாச்சை உருண்டை சில மாதங்களில் சிறுத்துச் சிறுத்துக் காணாமல் போகிறது. அது உருகிப் போவதில்லை. இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டிப் பிறந்த நாப்தலீன் என்ற அந்தப் பொருள், உருகுவதற்கு 80 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்றாலும், சாதாரண அறை வெப்பத்திலேயே திடநிலையிலிருந்து நேராக ஆவியாகிறது. குறைந்த எடை முழுவதும் துணி மடிப்புகளிலும் அறைக் காற்றிலும் நம் மூச்சிலும்தான் சேர்ந்திருக்கிறது. ஆகவே "வெறும் வாசனைதானே" என்பது சரியல்ல. மூக்கில் ஏறுவது நாப்தலீனேதான். பச்சிளங்குழந்தை இருக்கும் வீட்டில் இந்த உருண்டைக்கு இடமே இருக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

உடலுக்குள் போன நாப்தலீன் சிதையும்போது உண்டாகும் பொருள்கள் ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன. அந்தத் தாக்குதலைத் தாங்க அணுக்களுக்குத் துணை நிற்பது ஜி6பிடி என்ற நொதி. பிறவியிலேயே அது குறைந்தவர்களுக்கு அணுக்கள் உடைந்து சோகை பிடிக்கும், சிறுநீர் கறுக்கும், கண் மஞ்சளாகும். எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் குறைபாடு என்பதால் ஆண் குழந்தைகளிடம் அதிகம். பச்சிளங்குழந்தையின் கல்லீரலோ, உடைந்த அணுக்களிலிருந்து வரும் பிலிருபினை வெளியேற்றும் அளவுக்கு முதிர்ந்திருக்காது. பிலிருபின் மூளையில் படிந்தால் சேதத்தை மீட்க முடியாது. நாப்தலீன் ஆவியால் சிவப்பணுக்கள் உடைந்த 21 குழந்தைகளைப் பற்றி 1963இல் கிரேக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் இருவர் இறந்தனர். அந்த 21 பேரில் சிலருக்கு ஜி6பிடி குறைபாடே இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

பாட்டி காலத்திலிருந்து போடுகிறோம், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். பெரும்பாலோருக்கு அந்த நொதி போதுமான அளவு இருப்பதால் ஒன்றும் ஆவதில்லை. பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் வந்தது பிறந்த குழந்தைகளுக்கு வழக்கமாக வரும் மஞ்சள்காமாலை என்றே கருதப்பட்டிருந்தால், பெட்டியை யார் சந்தேகித்திருப்பார்கள்? நம் வழக்கங்களும் இதற்குத் தோதாக அமைந்துவிட்டன: பெட்டியில் கிடந்த பழைய நூல் சேலைதான் தூளியாகிறது, அதே துணியில்தான் எண்ணெய் தேய்த்த குழந்தையைக் கிடத்துகிறோம். நாப்தலீன் எண்ணெயில் கரையும். தோல் வழியே எளிதாக உள்ளே போகும்.

புற்றுநோய் பற்றியும் பேச்சு உண்டு. விலங்குச் சோதனைகளை வைத்து, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் சேர்த்தது. அது சந்தேக நிலைதான்; குழந்தையின் ரத்தத்துக்கு வரும் ஆபத்து நிரூபணமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் நாப்தலீன் உருண்டைகளைத் தடை செய்தது.

பட்டுச்சேலையைப் பூச்சி அரிக்குமே என்ற கவலை நியாயமானது. ஆனால் துணிப்பூச்சியின் புழுவுக்கு இரை கம்பளியும் பட்டும்தான்; சுத்தமான பருத்திக்கு உருண்டையே தேவையில்லை. பட்டை அழுக்கு நீக்கி, அவ்வப்போது பிரித்து உதறிக் காற்றாட விட்டு, இறுக மூடி வைக்கலாம். கைகழுவும் தொட்டியில் உருண்டை போடும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பெட்டித் துணியைக் குழந்தைக்கு எடுப்பதானால் துவைத்து, வாசம் அறவே போகும்வரை வெளியில் உலர்த்த வேண்டும். உருண்டையை மிட்டாய் என்று குழந்தை விழுங்கிவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அணுக்கள் உடைவது ஓரிரு நாள் கழித்தும் தெரியவரும். மீதி உருண்டைகளை உறையோடு மருத்துவரிடம் கொண்டுபோனால், அது நாப்தலீனா வேறு ரசாயனமா என்று அவர் கண்டறிய உதவும்.