கிராக்கி ஒன்றல்ல, பலவிதம்!
கணக்குத் தப்பினால் வியாபாரிக்குக் கைநஷ்டம்

"தக்காளிக்கு இன்னிக்கு ஏக கிராக்கி!" விலை ஏறிய அன்று கடைத்தெருவில் காதில் விழும் முதல் பேச்சு இதுதான். ஆனால், விலை ஏறினால் கிராக்கி ஏறிவிட்டது என்று அர்த்தமா? இல்லவே இல்லை!

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டி வந்தது. அந்த மாதம் மட்டும் சென்னைவாசிகள் கூடுதலாகத் தக்காளி தின்றார்களா? கிடையாது. வரத்து குறைந்தது, வாங்க வந்த கூட்டம் குறையவில்லை. விலை பறந்தது. அவ்வளவுதான்!

ஆசை வேறு, கிராக்கி வேறு

பொருளாதாரப் புத்தகத்தில் இதற்குப் பெயர் 'தேவை'. ஆசை, கையில் காசு, அதைக் கொடுக்க மனசு – மூன்றும் சேர்ந்தால்தான் அது தேவை. நகைக்கடைக் கண்ணாடியை எட்டிப் பார்த்துவிட்டு பஸ் ஏறுகிறவர் கணக்கில் சேர்த்தி இல்லை!

உப்பும் ஆப்பிளும்

உப்பு விலை இரண்டு ரூபாய் ஏறினால் யாரும் உப்பில்லாமல் சாப்பிடப் போவதில்லை. விலை இறங்கினாலும் இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்க மாட்டார்கள். இது அசையாத கிராக்கி. ஆப்பிள் அப்படி அல்ல. விலை ஏறினால் "வாழைப்பழம் போதும்பா" என்று நகர்ந்துவிடுவார்கள். இது ஆடி அசையும் கிராக்கி.

வெங்காயம் உப்பின் பக்கத்து வீடு. அதனால்தான் அதன் விலை அரசாங்கத்தையே ஆட்டுகிறது. 1998 டெல்லி சட்டசபைத் தேர்தலில் வெங்காய விலை பெரும் பிரச்சினை ஆனது. ஆண்ட கட்சி தோற்றது. 2019 செப்டம்பரில் விலை ஏறியபோது வெங்காய ஏற்றுமதிக்கே மத்திய அரசு தடை போட்டது.

ஜோடிச் சரக்கு

இட்லி அரிசி விற்றால் உளுந்தும் விற்கும். வெற்றிலை போனால் பாக்கும் போகும். இவை ஜோடிக் கிராக்கி. ஒன்றை மட்டும் வாங்கி வைத்த மளிகைக்கடைக்காரர் வாடிக்கையாளரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பி வைக்கிறார்!

பாலுக்கு வேறு கதை. காபிக்கு வேண்டும், தயிருக்கு வேண்டும், இனிப்புக் கடைக்கும் வேண்டும். ஒரே பொருளுக்குப் பல பக்கமும் இழுபறி. தீபாவளி நேரத்தில் ஒரு பக்கம் இழுப்பு பலமானால், மறுபக்கம் தட்டுப்பாடு தலைகாட்டும்.

பூவுக்கு வந்த சோதனை

செங்கல்லை யாரும் செங்கல்லுக்காக வாங்குவதில்லை, வீட்டுக்காக வாங்குகிறார்கள். வீடு கட்டுவது நின்றால் செங்கல், மணல், கொத்தனார் கூலி எல்லாமே படுத்துவிடும். ஒன்றின் வாலைப் பிடித்து வரும் கிராக்கி இது.

2020 ஊரடங்கில் இதை ஊரே பார்த்தது. கோயில்கள் மூடின, கல்யாணங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. பூவின் மணம் குறையவில்லை. பூ வாங்கும் காரணம்தான் போய்விட்டது. செடியில் பூத்தது பறிக்க ஆளின்றி உதிர்ந்தது. அந்த ஆண்டு மே 5-ந்தேதி கோயம்பேடு மார்க்கெட்டும் மூடப்பட்டது. காய்கறிக் கடைகள் திருமழிசைக்குப் போயின, செப்டம்பரில்தான் திரும்பின.

ஒரு நாள் கூத்து

எல்லாவற்றிலும் ஆபத்தானது பருவக் கிராக்கி. ஆயுதபூஜைக்கு முந்தின நாள் பூசணிக்காய்க்கு என்ன மவுசு! பொரி, வாழைக்கன்று எல்லாம் கேட்ட விலைக்குப் போகும். பூஜை முடிந்த மறுநாள்? அதே பூசணி ரோட்டோரம் அனாதையாகக் கிடக்கும்.

பெரிய வியாபாரிக்கு அது ஒரு லோடு நஷ்டம். காலையில் தண்டல் பணம் வாங்கி நடைபாதையில் கடை போட்டவருக்கோ, மறுநாள் உலையில் அரிசி இல்லை. பூசணி விற்றாலும் விற்காவிட்டாலும் தண்டல்காரர் சாயங்காலம் வந்து நிற்பார்.

ஆகவே சரக்கெடுக்கும் முன் "கிராக்கி இருக்குதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. யாருக்கு, எதற்காக, எத்தனை நாளைக்கு? இந்த மூன்றையும் கேட்டவர் முதல் தப்பும்!