உரோமர் கட்டடக்கலையும் தொண்டைநாட்டு மட்கல ஓடும்

பழந்தமிழகத்தில் உரோமர் எழுப்பிய கட்டடம் ஒன்றேனும் இருந்ததா என்னும் வினா அறிஞரிடையே நெடுங்காலமாக நிலவி வருவதாகும். பியூட்டிங்கர் படம் என வழங்கும் பழைய உரோம வழிப்படத்தில், சேரர் துறைமுகமாகிய முசிறியின் அருகே அகஸ்டஸ் பேரரசனுக்குரிய கோயில் ஒன்று குறிக்கப்பெற்றுள்ளது. ஆயினும், அக்கோயிலின் கல்லோ செங்கல்லோ இதுகாறும் கிடைத்திலது. ஆகலின், உரோமர் கட்டடக்கலையைப் பற்றித் தமிழ் மண் சொல்லத்தக்கது யாதும் இல்லை எனக் கருத இடமுண்டு. அக்கருத்துப் பொருந்தாது என்பதையும், உடைந்த சாடியின் ஓடு ஒன்றே அக்கலையின் அடிப்படையை நமக்கு விளக்கவல்லது என்பதையும் ஈண்டுக் காட்ட முயல்கின்றோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள நிலப்பரப்பு இன்று ஊர்தித் தொழிற்சாலைகளால் பெயர் பெற்றது. அவ் ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு என்னும் சிற்றூரில் 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழாய்வு நடத்தினர். கற்காலக் கருவிகள் மிகுதியாக வெளிப்பட்டன. அவற்றோடு பொன்னணிகளும், ஆம்போரா எனப்படும் இருகைச் சாடியின் ஓடுகளும் கிடைத்தன. தொண்டைநாட்டிற்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. பாலாறு கடலொடு கலக்குமிடத்தை அடுத்த வசவசமுத்திரத்தில், 1970-ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோதும் இத்தகைய ஓடுகள் கிடைத்தன. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, தூணின்மேல் அமர்ந்த மீன்கொத்திப் பறவைக்கு யவனரது அன்னவடிவ விளக்கை உவமையாக்குகின்றது. யவனர் கைவினைப் பொருளைக் கேட்போர் அறிந்திருந்தாலன்றி அவ்வுவமை பயன்படாது என்பது வெளிப்படை.

ஆம்போரா என்பது நீண்ட கழுத்தும், இருபுறமும் கைப்பிடியும், கூம்பிய அடியும் உடைய பெருஞ்சாடி. மதுவும், ஒலிவ எண்ணெயும், மீன்சாறும் இதனுள் அடைக்கப்பட்டுக் கலமேறின. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் நடத்திய அகழாய்வுகளில் இவ்வகை ஓடுகள் பல கிடைத்தன. அவற்றுட் சில கிரேக்கத் தீவுகளைச் சார்ந்தவை. சில இத்தாலி நாட்டவை. இத்தாலிச் சாடிகளுள் ஒருவகையின் மண்ணில் கரிய மணல் செறிந்துள்ளது. வெசூவியஸ் மலையை அடுத்த காம்பேனியா நாட்டு எரிமலை மணலே அது.

இனி, அந்த எரிமலை நிலத்திற்கும் உரோமர் கட்டடக்கலைக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். நேப்பிள்ஸ் வளைகுடாவைச் சூழ்ந்த அந்நிலத்தின் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால், அக்கலவை நீருக்கடியிலும் இறுகும் என்பதைக் கி.மு. முதல் நூற்றாண்டினராகிய விட்ருவியஸ் தம் கட்டடநூலில் எழுதியுள்ளார். சாம்பலிலுள்ள மணற்சத்தும் களிமச்சத்தும் சுண்ணாம்போடு வேதியியல் முறையிற் சேர்ந்து கல்போன்ற பொருளாகின்றன. இக்காரையே உரோமர்க்கு வில்வளைவையும் குவிமாடத்தையும் பேரளவில் எழுப்பும் ஆற்றலை நல்கிற்று. ஏதிரியன் காலத்தில், கி.பி. 126-ஐ ஒட்டி நிறைவுற்ற பாந்தியன் கோயிலின் குவிமாடம் ஏறத்தாழ 43 மீட்டர் விட்டமுடையது. அதனுள் இரும்புக் கம்பி இல்லை. அடிப்பகுதியிற் கனத்த கல்லையும், உச்சியில் இலேசான நுரைக்கல்லையும் கலந்து பாரத்தைக் குறைத்தனர். பாலத்தீனக் கரையிலுள்ள சிசேரியாத் துறைமுகத்தை ஏரோது மன்னன் கட்டியபோதும், இச்சாம்பல் இத்தாலியிலிருந்து கப்பலிற் கொண்டுசெல்லப்பட்டது.

ஆகவே, மதுச்சாடிக்கு மண் தந்த வளைகுடா நிலமே குவிமாடத்திற்குக் காரையும் தந்தது என்க. உடைந்த சாடியும் வீணாகவில்லை. ஓட்டைப் பொடித்துச் சுண்ணாம்பிற் கலந்து நீர்த்தொட்டிகளுக்குப் பூசினர். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாக்சென்சியஸ் எழுப்பிய தேரோட்டக் களத்தில், வெற்றுச் சாடிகளை வளைகூரையினுட் பதித்துச் சுமையைக் குறைத்தனர். செங்கற்பொடியாகிய சுர்க்கியைச் சுண்ணாம்போடு கலக்கும் நம் நாட்டு வழக்கமும் அதே வேதியியல் நெறியைச் சார்ந்ததே. ஆயின், ஒப்புமை கண்டவிடத்தெல்லாம் கடன் கொண்டமை கூறுதல் ஆராய்ச்சி நெறியன்று. நம் கற்கோயிற் சிற்பிகள் தூணின்மேல் உத்திரம் கிடத்தும் முறையையே போற்றினர். உரோமரது வில்வளைவை அவர்கள் மேற்கொள்ளவில்லை. தமிழர் யவனரிடமிருந்து பொருளைப் பெற்றனர். கட்டட முறையைப் பெற்றிலர்.

ஓடுகளை ஆராயுங்கால் விழிப்பு வேண்டும். உட்புறத்தில் உருள்சக்கர வரிகள் அமைந்த ரௌலட்டட் மட்கலத்தை மத்தியதரைக் கடற்பகுதியினின்று வந்ததென வீலர் கருதினார். பின்னர் நிகழ்ந்த மண் ஆய்வுகள் அது இந்திய நாட்டுக் கலமே எனக் காட்டின. அவ்வாறே, உரோமச் சாடி என எண்ணப்பட்ட ஓடுகள் பல, உட்புறம் நிலக்கீல் பூசப்பெற்ற மெசொப்பொத்தேமியச் சாடிகளின் ஓடுகள் என அண்மையில் தெளியப்பட்டன. வடிவத்தை மட்டும் நோக்கி முடிவு கூறலாகாது. மண்ணையும் மணலையும் உருப்பெருக்கியால் நோக்கியே ஊர் துணிதல் வேண்டும். வடக்குப்பட்டு ஓடுகளுக்கும் இவ்வாய்வே தக்கது.

ஓடு எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்னும் செய்தி இன்றியமையாதது. அச்செய்தி இல்லையேல், ஓடு இருந்தும் அதன் காலம் விளங்காது. தொழிற்சாலைக்கென மேட்டுநிலம் ஒருமுறை சமன் செய்யப்படின், அவ்வடுக்குகள் மீண்டும் வாரா. தொழில் வளர்ச்சி நாட்டிற்கு வேண்டுவதே. அதனை நாம் மறுக்கின்றிலம். நிலத்தைக் கிளறுமுன் ஒரு கள ஆய்வு நிகழ்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. இப்பகுதிக் கல்லூரி மாணவர் ஊர்தோறும் மேடுகளையும் ஏரிக்கரைகளையும் நோக்கி, கிடைத்த ஓட்டையும் கிடைத்த இடத்தையும் ஒருங்கே குறித்து வைப்பாராயின், உரோம வாணிகம் தொண்டைநாட்டின் உள்ளே எவ்வளவு தொலைவு பரவியது என்பது காலப்போக்கில் தெளிவாகும்.